ஈ. லாவண்யா வீட்டில் இல்லை

அத்தியாயம் ஏழு

சூளகிரி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு கண்டெய்னர் லாரி மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது. நாலாவது நாளும் நின்றால் அதற்கு ரேஷன் கார்டு கொடுத்துவிடுவார்கள் என்றாள் பிரவீனா. துப்பறிவாளர் சுடலைமுத்து சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டுமானால் முகத்தில் ஏழெட்டு இடத்தை அசைக்க வேண்டும். அவருக்கு இன்றைக்கு முழங்காலை அசைக்கவே தெம்பு போதவில்லை.

வயது அறுபத்திரண்டு. சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். ஓசூருக்கு வந்து முப்பத்தைந்து வருஷம். அதில் இருபத்தெட்டு வருஷம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வெளியே போகிறவனின் டிபன் டப்பாவைத் திறக்கவே மாட்டார். தூக்கிக்கொண்டு நடக்கிறவன் தோளைப் பார்த்தே உள்ளே இருப்பது பேரிங்கா எலுமிச்சைச் சோறா என்று சொல்லிவிடுவார். இது மத்திகிரி முழுக்கத் தெரிந்த விஷயம். ஒரே ஒரு தடவை தக்காளிச் சோறு என்று சொல்லி, அது தக்காளித் தொக்காக இருந்துவிட்டது. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். இப்போது கோழித்தீவனக் கடைக்கு மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார்.

உதவியாளர் பிரவீனா உள்ளூர்க்காரி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஆளைக் கிண்டல் பண்ணத் தெரிந்தவள் என்றுதான் வேலைக்கு எடுத்தார். எடுத்த பிறகுதான், ஆள் என்பதில் தாமும் அடக்கம் என்று அவருக்குப் புரிந்தது.

"அண்ணாச்சி, மணி ஒண்ணே கால். நாலு மணிக்குப் பிரேக் கம்பெனில அந்த லாவண்யாப் பொண்ணு மேல போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம். நீங்க இப்படி நடந்தீங்கன்னா நாம போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு ஜாமீனே கிடைச்சிரும்."

"நடந்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"எனக்கு நிக்கிற மாதிரி தெரியுது."

அவர்கள் போய்ச் சேர்ந்த நந்திவர்த்தன் பிரேக்ஸ் கம்பெனியில் இன்னொரு சங்கடம் இருந்தது. அங்கே நாற்காலியே கிடையாது. போன வருஷம் யாரோ ஜப்பானிலிருந்து வந்து, உட்கார்ந்தால் உற்பத்தி குறையும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாளே மேனேஜர் அறை வரைக்கும் நாற்காலிகளை அள்ளிப் போட்டுவிட்டார்கள். மேனேஜர் சுரேந்தர் நெஞ்சு உயர மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கோவில் உண்டியலுக்குக் காவல் இருக்கிறவர் போலத் தெரிந்தார்.

"ஸ்கூட்டர் பிரேக்குல ஒரு போல்ட் இருக்கு சார். அதை மெஷின் முடுக்கும். இறுக்கம் இருபத்துநாலு இருக்கணும். ரெண்டு வாரமா முதல் ஷிஃப்ட்ல மட்டும் பதினெட்டு. முந்நூத்திப் பன்னெண்டு பீஸ். நல்லவேளை, ஒண்ணும் கேட்டைத் தாண்டல. தாண்டியிருந்தா மேம்பாலத்து இறக்கத்துல எவனோ பிரேக்கைப் பிடிச்சிருப்பான், பிரேக் அவனைப் பிடிச்சிருக்காது."

"முதல் ஷிஃப்ட்ல யாரு?"

"லாவண்யா. லைன் லீடர். ஒரு மாசம் முந்தி கல்யாணம் ஆச்சு. புருஷன் யாரு தெரியுமா? இளம்பரிதி. அடுத்த காம்பவுண்ட் கம்பெனி ஆளு. எங்களுக்கு நேர் போட்டி." சுரேந்தர் குரலைத் தாழ்த்தினார். "கல்யாண லீவு முடிஞ்சு வந்த அன்னியிலிருந்துதான் பதினெட்டு. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஒரு பீஸ் தப்பு வந்ததில்ல."

"அந்த இளம்பரிதி அங்க என்ன வேலை?" என்றாள் பிரவீனா.

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறான்."

"ஓ. ரகசியம் அவ்வளவு வெயிட்டா?"

சுரேந்தர் அதைக் காதில் வாங்காமல் ஒரு பட்டியலை நீட்டினார். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் மெஷினில் லாகின் செய்தார்கள் என்ற பட்டியல். பதினெட்டு வந்த ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர்: ஈலாவண்யா.

"ஈ லாவண்யாவா? கொசு லாவண்யா அன்னிக்கு லீவா?"

"இனிஷியல்மா அது."

சுடலைமுத்து பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைக்குமா என்று பார்த்தார். சுவரில், சாயக் கூடாது என்று எழுதியிருந்தது.

*

லாவண்யாவை மெஷினை விட்டு விலக்கி, மூலையில் காலியான பிளாஸ்டிக் கிரேட்டுப் பெட்டிகளை எண்ணச் சொல்லியிருந்தார்கள். அவள் எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். ராயக்கோட்டையில் தக்காளி போடுகிற குடும்பம். டிப்ளமோ படித்துவிட்டுப் பத்தொன்பது வயதில் இங்கே சேர்ந்தவள். கண்கள் அழுது முடித்துக் காய்ந்திருந்தன.

"நீங்க எத்தினியாவது ஆளுங்க சார் கேக்கறது? நான் தொடல. அந்த நம்பரை நான் தொடவே இல்ல."

"அத விடும்மா. லீவு முடிஞ்சு வந்தப்ப மெஷின்ல வேற என்னமும் மாறியிருந்துச்சா? சின்னதா ஏதாச்சும்?"

அவள் யோசித்தாள். "ஒண்ணுமில்லீங்க. வந்து... என்கிட்ட இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சுது."

"யாரு?"

"மெஷின்தானுங்க. முன்னெல்லாம் நான் லாகின் பண்ணா ஸ்கிரீன்ல தமிழ்ல வரும். எனக்கு அதான் சுளுவு. வந்த அன்னிக்கு எல்லாம் இங்கிலீஷ். சரி, புது வெர்ஷன் போல இருக்குதுன்னு விட்டுட்டேன். பச்சை லைட் எரியுதா, அதான் கணக்கு. பச்சை எரிஞ்சுது."

"கல்யாணம் ஆனதும் மரியாதை குடுக்குதுன்னு நினைச்சீங்களாக்கா?" என்றாள் பிரவீனா.

லாவண்யா இரண்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டாள். "எங்க அப்பா நேத்து போன் பண்ணாரு. ஸ்டேஷன், ஸ்டேஷன்னு சொல்றாங்களே, எந்த ஸ்டேஷன்னு கேட்டாரு. மெஷினுக்கும் ஸ்டேஷன்னுதானுங்க சொல்லுவோம். அதைத்தான் சொல்றாங்கன்னு சொல்லிட்டேன்."

சுடலைமுத்து அங்கிருந்து நகர்ந்து, கொஞ்ச தூரம் போய் நின்றார்.

"பிரவீனா, நீ ஒரு கம்பெனியக் கெடுக்கணும்னு நினைச்சா இருபத்துநாலப் பதினெட்டாக்குவ. சரி. கூடவே உனக்குத் தெரிஞ்ச பாஷைய எடுத்துட்டு, தட்டுத்தடுமாறிப் படிக்கிற பாஷைய ஏன் வைக்கப் போற?"

"வைக்க மாட்டேன். திருடப் போறவன் செருப்பை வலம் இடம் மாத்திப் போட்டுக்கிட்டுப் போக மாட்டான்."

"அப்ப இந்தப் பிள்ள ஒண்ணயும் மாத்தல. மொத்தமா யாரோ இவள வேற ஆளா நினைச்சிருக்கான். கம்ப்யூட்டர்க்காரன் எங்க இருக்கான்?"

"மாடியில."

சுடலைமுத்து படிக்கட்டைப் பார்த்தார். படிக்கட்டும் அவரைப் பார்த்தது. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை.

*

ஸ்ரீராம், கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். முப்பத்தெட்டு வயது. கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளில் ஒரு வாரத் துணியை எடுத்துக்கொண்டு வெளியூர் போய் வரலாம். அவரும் நின்றுகொண்டேதான் இருந்தார்.

"மெஷினுக்கெல்லாம் புரோகிராம் கொண்டுபோறது நான் எழுதின சாஃப்ட்வேர் சார். பேர் சந்தை. பேக்கேஜ் மேனேஜர்னு சொல்வோம். ராயக்கோட்டை மார்க்கெட்லேர்ந்து தக்காளி கடைகடையாப் போற மாதிரி, சர்வர்லேர்ந்து மெஷின் மெஷினாப் புரோகிராமை இறக்கும். இறக்கினதும், எந்த அளவுல ஓடணும்னு செட்டிங் ஃபைலைத் தேடும்."

"எங்க தேடும்?"

"மூணு இடத்துல." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு அச்சிட்ட தாளை எடுத்துக் கொடுத்தார். அதில் மூன்று வரி இருந்தது.

ஹோம் / லாகின் பெயர் / சந்தை
லைன் / சந்தை
பொது / சந்தை

"லாகின் பண்றவங்களோட சொந்த ஃபோல்டர், அதாவது ஹோம், முதல்ல. அங்க இல்லைன்னா லைனுக்குப் பொதுவான ஃபோல்டர். அது இப்போ காலி. அங்கயும் இல்லைன்னா கம்பெனிக்கே பொதுவானது. யாரும் எதுவும் சொல்லலைன்னா இந்த வரிசைதான். டீஃபால்ட்."

"இந்த வரிசைய யாரு முடிவு பண்ணினது?"

"நான்தான். ஒருத்தர் முடிவு பண்ணணுமே சார்." அதை அவர் ரொம்பக் களைப்பாகச் சொன்னார். "ஆனா இங்க பிரச்சினை அது இல்லை. லாவண்யா ஃபைல் பத்திரமா இருக்கு. பாருங்க."

திரையில் ஃபைல் திறந்தது. மொழி: தமிழ். இறுக்கம்: 24. மேலே முகவரி மாதிரி ஒரு வரி: ஹோம் / எம்லாவண்யா / சந்தை.

"ஃபைல்ல இருபத்துநாலு. மெஷின்ல பதினெட்டு. அப்போ நடுவுல யாரோ கையால மாத்தியிருக்காங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நல்ல பொண்ணு."

சுடலைமுத்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி பார்த்தார். தாளைப் பிரவீனாவிடம் கொடுத்தார். அவள் அதை விசிறியாக்கிக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணும் கேக்காமலே வர்றீங்க?" என்றாள் படியில்.

"இறங்கயில பேசினா முழங்கால் கோவிச்சுக்கிடும்."

*

பணியாளர் பிரிவில் மாதேஸ்வரி என்ற பெண் இருந்தாள். பழைய மாடல் ஆபீஸர். ஒரே ஒரு நாற்காலியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். சுடலைமுத்து அதைக் கண்ணால் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதில் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன.

"இந்த மூணு மாசத்துல உங்க ஆளுக யாராருக்குக் கல்யாணம் ஆச்சு தாயி?"

அவள் ஒரு பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தாள். இரண்டே பேர். லாவண்யா, இரண்டாவது ஷிஃப்ட் லைன் லீடர் கௌதம்.

"கௌதமும் அதே மெஷின்லதான் நிக்கானா?"

"ஆமா சார். இவங்களுக்கு முந்தின முகூர்த்தத்துல அவருக்கு ஆச்சு."

"அவனுக்கு மெஷின் பதினெட்டு காட்டலியே. இங்கிலீஷ்லயும் பேசலியே. கல்யாணத்துல இந்தப் பிள்ளைக்கு மாறினது, அவனுக்கு மாறாதது, என்ன?"

"வீடு மாறும்," என்றாள் மாதேஸ்வரி. "சமையல் மாறும். மாமியார்..."

"அது எனக்குத் தெரியும். உங்க கம்ப்யூட்டர்ல என்ன மாறும்?"

"இனிஷியல் சார். முனிவேல் பொண்ணுன்னு எம். லாவண்யா. இப்போ இளம்பரிதி சம்சாரம், அவர் பேர் இங்கிலீஷ்ல ஈ-ல ஆரம்பிக்குது, அதனால ஈ. லாவண்யா. லாகினும் அப்படியே மாறிடும். லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கே புது லாகின் குடுத்துட்டோம்."

"அந்தப் பிள்ள மாத்தச் சொல்லிக் கேட்டுச்சா?"

"கேக்க வேண்டியதே இல்லை சார். கல்யாணம் ஆச்சுன்னு நான் டிக் போட்டா அதுவா மாறிடும். வேணாம்னாத்தான் எழுதிக் குடுக்கணும்."

"எழுதிக் குடுக்கலாம்னு சொல்லுவியளா?"

மாதேஸ்வரி யோசித்தாள். "யாரும் கேட்டதில்லை சார்."

இதற்குள் பிரவீனா விசிறுவதை நிறுத்தியிருந்தாள். ஸ்ரீராம் கொடுத்த தாளையும் மாதேஸ்வரி கொடுத்த தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தட்டினாள்.

"அண்ணாச்சி, இன்னா இது? கம்ப்யூட்டர்க்காரர் பேப்பர் ரெண்டு விரக்கடை குட்டையா இருக்குது. அவர் பேப்பருக்கு மட்டும் கால் வெட்டியிருக்காங்க."

மாதேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "எங்க கம்பெனில எதை அச்செடுத்தாலும் அடியில தேதியும் நேரமும் தானா வருமே."

அவள் கொடுத்த தாளில் வந்திருந்தது. குட்டைத் தாளில் இல்லை. சுடலைமுத்து குட்டைத் தாளின் அடிவிளிம்பை விரலால் தடவினார். கத்தரிக்கோல் வெட்டு. நேராக, கவனமாக. சாப்பாட்டு டப்பாவைத் தோளில் மாட்டியிருந்தவர்களில் ரொம்ப நேராக நடந்தவர்களைத்தான் அவர் அந்தக் காலத்தில் நிறுத்துவார்.

மணி மூன்றேகால்.

*

சுரேந்தர் அறையில் எல்லாரும் நின்றார்கள். புகார்க் கடிதம் மேஜைமேல் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. லாவண்யா கதவுக்குப் பக்கத்தில், ஸ்ரீராம் ஜன்னலுக்குப் பக்கத்தில்.

"மேனேஜர் சார், நீங்க சொன்னது சரிதான்," என்றார் சுடலைமுத்து. "எல்லாத்துக்கும் காரணம் கல்யாணம்தான்."

லாவண்யா கதவுப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினாள்.

"ஆனா புருஷன் இல்ல. இனிஷியல். பட்டியல்ல லாகின் பண்ணினவ ஈ. லாவண்யா. ஸ்ரீராம் தம்பி திறந்து காட்டின ஃபைல் இருக்கிற வீடு, எம். லாவண்யா. பேர மாத்தினாங்க, ஃபோல்டர மாத்தல. தமிழும் இருபத்துநாலும் பொறந்த வீட்டுலயே கிடக்கு. சந்தை என்ன பண்ணுது? இவ வீடு எங்கன்னு கம்ப்யூட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அது சரியாச் சொல்லியிருக்கும். கேக்கல. ஹோமுக்குப் பக்கத்துல லாகின் பேர ஒட்டி, இதான் வீடுன்னு அதுவா முடிவு பண்ணிக்கிட்டு, ஈ. லாவண்யா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுது. அப்படி ஒரு வீடே இல்ல. லைன் ஃபோல்டர் காலி. கடைசியாப் பொதுச் சத்திரத்துக்குப் போகுது. அங்க என்ன இருக்கு தம்பி?"

ஸ்ரீராம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சாம்பிள் ஃபைல்."

"அதுல?"

"இங்கிலீஷ். பதினெட்டு. சும்மா ஒரு நம்பர் வேணும்னு போட்டது."

"வீட்டுல ஆள் இல்லன்னு அது ஒருத்தருக்கும் சொல்லாதா?"

"ஆபரேட்டர்ங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு... சத்தம் போடாம அடுத்த இடத்துக்குப் போற மாதிரி வச்சேன்."

சுரேந்தர் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சில் புகார்க் கடிதம் லேசாக நகர்ந்தது. "அப்போ யார் தப்பும் இல்லை. சாஃப்ட்வேர் தப்பு. நல்லதாப் போச்சு. லாவண்யா, நீ மனசுல வச்சுக்காதம்மா. எல்லாரும் வேலையைப் பாருங்க."

"இருங்க," என்றார் சுடலைமுத்து. "முழங்கால் வலிக்கு. ரெண்டாவது விஷயத்தையும் முடிச்சுட்டுப் போயிருதேன்."

சட்டைப்பையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு காகிதக் கீற்றை எடுத்தார். மேஜைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டார்.

"ஸ்ரீராம் தம்பி எனக்கு ஒரு தாள் குடுத்தாரு. அதுல அடிப்பக்கம் வெட்டியிருந்துச்சு. வெட்டின துண்டுல தேதி இருக்கும், இந்த வரிசைய அவரு என்னைக்கு எடுத்துப் பார்த்தாருன்னு. அத நான் தேடிப் பிடிக்க என்ன பாடுபட்டேன்னு..."

"அதெப்படி உங்ககிட்ட?" என்றார் ஸ்ரீராம். "அதை நான் கிழிச்சு டாய்லெட்ல போட்டுத் தண்ணி விட்டேனே."

பிரவீனா நிதானமாக அந்தக் கீற்றை எடுத்துத் திருப்பினாள்.

"மெடிக்கல் ஷாப் பில்லு," என்றாள். "முழங்கால் தைலம் ஒண்ணு, பிரஷர் மாத்திரை ஒரு அட்டை. தேதி நேத்து. உங்க துண்டுல என்ன தேதிங்க சார்?"

ஸ்ரீராம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "மூணாம் தேதி."

"இன்னிக்குப் பன்னெண்டு," என்றார் சுடலைமுத்து.

"ஒன்பது நாளா உனக்குத் தெரியுமா?" சுரேந்தரின் குரல் எழும்பவில்லை, இறங்கியது.

"வர்ற பதினெட்டாம் தேதி புனேலேர்ந்து வர்றாங்க சார். சந்தையை ஆறு பிளான்ட்டுக்கும் கொண்டுபோறதா பேச்சு. ஏழு வருஷ வேலை. முதல் வரியே தப்புன்னு தெரிஞ்சா... ஒரு வாரம் போகட்டும், அப்புறம் சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு நினைச்சேன்." அவர் லாவண்யாவைப் பார்க்கவில்லை. "போலீஸ் வரைக்கும் போகும்னு நினைக்கலை. போகுதுன்னு தெரிஞ்சப்போ வாயைத் திறக்க நேரம் தாண்டிப் போச்சு."

"நீங்களும் சத்தம் போடாம அடுத்த இடத்துக்குப் போயிட்டீங்க," என்றாள் பிரவீனா. அவள் அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் கிண்டல் இல்லை.

சுரேந்தர் புகார்க் கடிதத்தை நாலாகக் கிழித்தார். துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "நீ வெளிய இரு ஸ்ரீராம். உன்கிட்ட அப்புறம் பேசறேன். அதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு மெஷினைச் சரி பண்ணு."

"அஞ்சு நிமிஷம் சார். எம்லாவண்யா ஃபோல்டரை ஈலாவண்யான்னு பேர் மாத்திட்டா..."

"வேணாம்," என்றாள் லாவண்யா.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் குரல் உயரவில்லை. கிரேட் எண்ணுகிற குரல்தான்.

"ஃபோல்டரை அசைக்காதீங்க. அது ஆறு வருஷமா இருந்த இடத்துல இருக்கட்டும். என் பேரைத் திருப்பி மாத்துங்க. எழுதிக் குடுக்கணும்னா இப்பவே எழுதிக் குடுக்கறேன்."

"வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாராம்மா?" என்றார் சுரேந்தர்.

"அவருக்கு அவர் கம்பெனில ஒரு ஃபோல்டர் இருக்குமுங்க."

சுரேந்தர் கிழித்த துண்டுகளில் வெள்ளையாக இருந்த ஒன்றை நீட்டினார். அவள் அதில் இரண்டு வரி எழுதினாள்.

*

மணி நாலுக்கு ஐந்து நிமிஷம். லைனில் லாவண்யா மெஷினுக்கு முன்னால் நின்றாள். ஸ்ரீராம் மேலே இருந்து போனில், பேரை மாற்றியாச்சு என்றார். அவள் பெயரைத் தட்டினாள். முதல் எழுத்தைத் தட்டுமுன் விரல் ஒரு கணம் நின்றது.

சுடலைமுத்துக்குத் திரை தெரியவில்லை. கண்ணாடியைத் துடைக்கக் கையைத் தூக்கவும் அலுப்பாக இருந்தது. ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு வந்து பக்கத்தில் நின்ற கௌதம் லாவண்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்து ஒரு காலிக் கிரேட்டைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து அவர் பின்னால் கவிழ்த்துப் போட்டான்.

"உக்காருங்க சார். இங்க யாரும் பார்க்க மாட்டாங்க."

காலை எட்டு மணியிலிருந்து முதல் தடவையாக அவர் உட்கார்ந்தார். கிரேட் முனகியது, முழங்காலும் முனகியது. எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பிரவீனா, ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்கு?"

பிரவீனா குனிந்து படித்தாள்.

"வணக்கம், எம். லாவண்யா. இறுக்கம் இருபத்துநாலு. தொடங்கலாமான்னு கேக்குது அண்ணாச்சி."

லாவண்யா முதல் போல்ட்டை எடுத்து வைத்தாள்.